கொசுவுக்குள் குடியிருக்கும் கிருமிகள்

2012 மே, ஜூன் மாதங்களில் கடையநல்லூரில் டெங்கு பரவி உயிர்களைக் குடித்தது. அப்போது ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்கப் பதிவான டெங்கு நோயாளிகள் 12,826 பேர். இறந்தவர்கள் 66 பேர். கொசுவை ஒழிக்கணும் என்று அன்றிலிருந்து எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கொசு தன் உடம்புக்குள் இருக்கும் நுண்ணுயிர்களை நம்பித்தான் வாழ்கிறது என்பது தெரிந்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் புரியும்.

தொட்டிச் சுவரின் வழுவழுப்பு

குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊர்களில் சிமென்ட் தொட்டி, டிரம், குடம் என எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். சில நாளில் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் கை வழுக்கும். பாக்டீரியாவும் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து படிந்த படலம் அது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவுக்கு அதில் சாப்பாடு இருக்கிறது. அதோடு, அந்த பாக்டீரியா குடலில் போய்த் தங்கினால்தான் புழு ஒழுங்காக வளரும். ஆய்வகத்தில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த புழுக்கள், வழக்கமான தீனி போட்டும் முதல் பருவத்தைத் தாண்டவில்லை.

ஏடிஸ் முட்டையிடுவதும் அதே சுவரில்தான், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. கடுகைவிடச் சிறிதாக, கறுப்பாக ஒட்டியிருக்கும். தொட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, இறுக மூட வேண்டும். முட்டையும் போகும், புழுவின் தீனியும் போகும். சாரல் தொடங்குமுன் மாடியில் கிடக்கும் டயர், சிரட்டை, ஃப்ரிட்ஜின் பின்தட்டு இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

வைரஸை மடக்கும் பாக்டீரியா

வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பூச்சிகளின் செல்லுக்குள் வாழ்வது. 1924-இல் க்யூலெக்ஸ் கொசுவில் முதலில் கண்டார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் இயல்பாக இது கிடையாது. ஆய்வகத்தில் புகுத்திவிட்டால், டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் பெருகத் திணறுகிறது. தாய்க்கொசு முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் இதைக் கடத்துகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021-இல் முடிவு வெளியானது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் வோல்பாக்கியா ஏற்றிய உள்ளூர்க் கொசு வகைகளை உருவாக்கிவிட்டதாக 2022-இல் அறிவித்தது. திறந்தவெளியில் விட அரசின் அனுமதி வேண்டும். உயிர்களைப் பறிகொடுத்த ஊர்களை மனதில் வைத்து அரசு அந்த அனுமதி குறித்து முடிவெடுக்க வேண்டும்.

நம் குடலையும் காப்போம்

காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. டெங்கு வைரஸை அது ஒன்றும் செய்யாது. செரிமானத்துக்கு உதவி, கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் வைத்திருக்கும் குடல் பாக்டீரியாவைத்தான் அது கொல்லும், வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே வேண்டாம். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள், டெங்குவா என்று அறிய என்.எஸ்.1 பரிசோதனை செய்வது நல்லது.

காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டார் நினைக்கும் அந்த ஓரிரு நாளில்தான் ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.