சிபியின் துலாக்கோலும் வேட்டை வல்லூறும்

சிபிச் சக்கரவர்த்தியின் கதையைக் கீழ்வகுப்பிற் படிப்பித்துக்கொண்டிருந்தபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, புறாவைக் காத்தது சரி, பருந்தின் பசிக்கு யார் பொறுப்பு?" என்று வினவினான். அவ்வினாவுக்கு விடை கதையிலேயே உண்டு. அடைக்கலம் புகுந்த புறாவை அரசன் கைவிடவில்லை. ஆயின் பருந்தை அதட்டி ஓட்டவுமில்லை. அதன் உணவு அதற்குரியது என ஒப்புக்கொண்டே தன் தசையை அரிந்து துலாக்கோலில் இட்டான். இரு தட்டையும் ஒருங்கே நோக்குவதே நீதி.

அத்துலாக்கோல் இன்றும் தேவைப்படுகின்றது. அதன் ஒரு தட்டிலே காட்டில் வாழும் வல்லூறு. மறு தட்டிலே வல்லூற்றைப் பிடித்துப் பழக்கி வேட்டையாடும் தொன்மையான கலை. காட்டு வல்லூறுகளைப் பிடிக்க விடலாமா? விடின், எத்துணை? இதுவே வினா.

வல்லூறு வேட்டை பல நாட்டாருக்கும் பொதுவான கலை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரடெரிக் என்னும் பேரரசன் இக்கலை பற்றி இலத்தீன் மொழியிற் பெருநூலொன்று இயற்றினான். 2010 ஆம் ஆண்டிற் பதினொரு நாடுகளின் பெயரால் யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது; 2021 இல் அந்நாடுகளின் தொகை இருபத்து நான்காயிற்று. ஆயினும் இக்கலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆவும் நாயும் குதிரையும் மனிதன் மனையிற் பிறந்து வளர்வன. வல்லூறோ இருபதாம் நூற்றாண்டு வரையில் மனிதன் கையிற் குஞ்சு பொரித்ததில்லை என்றே கூறலாம். வேடுவன் கையில் அமர்ந்த பறவை ஒவ்வொன்றும் வானிலிருந்தோ கூட்டிலிருந்தோ கவரப்பட்டதேயாம்.

இதனைச் சட்டத்தால் வரையறுத்தல் புதிதன்று. இங்கிலாந்தில் 1217 ஆம் ஆண்டு வெளியான வனப்பட்டயம், தன் நிலத்துக் காட்டிலுள்ள வல்லூற்றுக் கூடுகள் சுதந்திரக் குடிமகனுக்கே உரியன என விதித்தது. ஐஸ்லாந்தின் வெண்ணிற வல்லூறுகளை டென்மார்க்கு மன்னர் தம் தனியுரிமையாக வைத்திருந்தனர். ஒல்லாந்திலே வால்கன்ஸ்வார்ட் என்னும் ஊரார், இலையுதிர் காலத்திலே தெற்கு நோக்கிச் செல்லும் வல்லூறுகளை வலைவீசிப் பிடித்துப் பல அரசவைகளுக்கு விற்றனர். அவர்கள் கீச்சான் குருவியொன்றைக் கட்டிவைப்பராம். மனிதக் கண்ணுக்கு எட்டாத தொலைவில் வல்லூறு வருவதைக் கண்டு அக்குருவி கதறுமாம். அதுவே வலைக்காரனுக்கு எச்சரிக்கை. அக்காலச் சட்டங்கள் பறவை யாருக்கு உரியது என்று மட்டுமே கேட்டன. பறவை நிலைக்குமா என்று கேட்கவில்லை; கேட்கவேண்டிய தேவையும் அன்று எழவில்லை.

அராபியப் பாலைவன மக்களிடையே எழுதாச் சட்டமொன்று நிலவிற்று. இலையுதிர் காலத்தில் வலசை வரும் இளம் பறவையைப் பிடிப்பர். சில வாரங்களிற் பழக்குவர். பனிக்காலத்தில் ஊபாரா என்னும் கானமயிலினப் பறவையையும் முயலையும் வேட்டையாடுவர். வேனில் வந்ததும் வல்லூற்றை வானில் விட்டுவிடுவர். கோடை வெயிலில் அதனைப் பேணுதல் அரிது என்பதே காரணம். வறுமை இட்ட அவ்வரம்பு பறவைக்கும் அரணாயிற்று. எண்ணெய்ச் செல்வம் பெருகியபின் குளிரூட்டிய அறைகள் வந்தன; ஆண்டு முழுவதும் பறவையை வைத்திருத்தல் எளிதாயிற்று; விலையும் ஏறிற்று. வலைகள் மத்திய ஆசியா வரையிற் பரந்தன.

இதனால் மிகுந்த துன்பம் அடைந்தது சேக்கர் வல்லூறு. ஐரோப்பாவின் கிழக்கிலிருந்து மொங்கோலியா வரையில் பரந்த புல்வெளிகளே அதன் தாயகம். உலகில் ஏறத்தாழ 6,000 முதல் 15,000 இணைகளே எஞ்சியுள்ளன எனக் கணித்தனர்; 2012 இல் அது அழிவை எதிர்நோக்கும் இனமென அறிவிக்கப்பட்டது. வேட்டைக்காரர் பெரிதும் நாடுவது பெண் பறவையையே. அஃது ஆணினும் உருவிற் பெரியது. பெண்ணையே தெரிந்து கவர்ந்தாற் கூடு கட்ட இணை ஏது? ஆயினும் பழி முழுவதையும் வலைக்காரன் மீது சுமத்தல் நடுவுநிலைமையாகாது. உழுதழிந்த புல்வெளிகளும், எலிகளுக்கு வைத்த நஞ்சும், மின்கம்பங்களும் எண்ணற்ற வல்லூறுகளைக் கொன்றன.

மறு தட்டையும் நோக்குவோம். டி. டி. ரி. என்னும் பூச்சிகொல்லி பெரிகிரின் வல்லூற்றின் முட்டையோட்டை மெலிவித்தது. அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டைகள் நொறுங்கின. இதனை 1967 இல் இரற்கிளிஃப் என்னும் ஆங்கிலேய அறிஞர் வெளிப்படுத்தினார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அவ்வினம் அற்றே போயிற்று. அதனை மீட்டெடுத்தோர் யார்? ரொம் கேட் என்னும் பேராசிரியரும், அவருக்குத் தம் பறவைகளையும் கைத்திறனையும் வழங்கிய வல்லூறு வேட்டைக்காரருமே. 1970 இல் அவர்கள் தொடங்கிய பணியால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் வளர்த்து விடப்பட்டன. 1999 இல் அழிவுப் பட்டியலினின்றும் அவ்வினம் நீங்கியது. வல்லூற்றைக் காதலித்தவனே அதனைப் பிடித்தவன். அவனே அதனைக் காத்தவனும்.

ஆகவே முற்றாகத் தடுத்தலோ முற்றாக விடுத்தலோ தீர்வாகாது. முற்றாகத் தடுப்பின் களவு வணிகம் பெருகும். பிடிபட்டவற்றின் கணக்கும் மறையும். இளம் வல்லூறுகளிற் பாதிக்கு மேற்பட்டவை முதலாண்டிலேயே இயல்பாக மடிகின்றன. ஆதலின் கூடுகளை எண்ணி, வளமுள்ள இடத்தில் இளம் பறவைகளிற் சிலவற்றை மட்டும் எடுத்தால் இனம் குன்றாது. கூடு கட்டும் முதிர்ந்த பறவையைத் தொட்டாற் குன்றும். இதுவே வரையறையின் உயிர்நிலை.

வாணிகத்திற்கும் வேலி உண்டு. 1973 இல் வாஷிங்ரனிற் கையெழுத்தாகி 1975 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, பெரிகிரினை முதலாம் பட்டியலிலும் சேக்கரை இரண்டாம் பட்டியலிலும் வைத்தது. வளர்ப்பிற் பிறந்த குஞ்சின் காலில், பிறந்த சில நாளிலேயே மூட்டில்லா வளையம் இடுவர். பாதம் வளர்ந்தபின் அதனை இடவும் இயலாது, வெட்டாமற் கழற்றவும் இயலாது. அதுவே பிறப்புச் சான்று. ஐக்கிய அரபு அமீரகம் 2002 முதல் வல்லூறுகளுக்குக் கடவுச்சீட்டும் வழங்கிவருகின்றது. அங்கே 1995 இல் தொடங்கிய திட்டம், வேட்டைக்குப் பயன்பட்ட வல்லூறுகளில் 2,000 இற்கு மேற்பட்டவற்றை மீண்டும் வானில் விட்டது. பழைய எழுதாச் சட்டமே புதுவடிவு பெற்றது எனலாம்.

மொங்கோலியாவின் செய்தி இன்னும் சிந்திக்கத்தக்கது. மரமும் பாறையும் அற்ற புல்வெளியிலே அபுதாபியின் பொருளுதவியுடன் 2010 அளவில் 5,000 செயற்கைக் கூடுகள் கம்பங்களின் மேல் அமைக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான சேக்கர் இணைகள் அவற்றிற் குஞ்சு பொரித்தன. மிகுதியாகப் பிறப்பவற்றில் ஒரு பகுதியை எடுக்கலாம் என்பதே நோக்கம். ஆனால் 2012 இல் அந்நாடு சேக்கரைத் தன் தேசியப் பறவையெனப் பிரகடனஞ் செய்தது, ஏற்றுமதியையும் இடைநிறுத்தியது. மிகுதியென உறுதியாகும் வரையிற் பொறுத்தல் அறிவுடைமை.

எமது கருத்து இது: கூடுகளை எண்ணாத நாட்டிற் பிடிப்பதற்கு அனுமதி கூடாது, எண்ணிய நாட்டிலும் வளர்ப்புப் பறவை கிடைக்குமாயின் காட்டுப் பறவைக்கு வலை வேண்டாம். கானிற் பிறந்ததே வீரமிக்கது என்று வேட்டைக்காரர் கூறுவர். மெய்யாயினும், அவ்வீரத்தைப் பயிற்றிய கானை வெறிதாக்கியபின் அது எங்கிருந்து பிறக்கும்?

நம் தீவிலும் சிகிரியாக் குன்றின் செங்குத்துப் பாறையிற் பெரிகிரினின் கிளையினமொன்று கூடு கட்டுகின்றது. சுற்றுலாச் செல்லும் மாணவர் ஓவியங்களை மட்டுமன்றி அண்ணாந்து வானையும் நோக்குவாராக. என்னை வினவிய அம்மாணவனுக்கு யான் சொல்லக்கூடியதும் இதுவே: பருந்தின் பசிக்கு அன்று ஓர் அரசன் பொறுப்பேற்றான், இன்று பருந்தின் வாழ்வுக்கு நாம் அனைவரும் பொறுப்பு.