துருவும் துடைப்பும்

சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் வீட்டுப் பரணிற் கிடந்த பழைய துவக்கொன்றைப் பழப்புளியும் செங்கற்றூளும் கொண்டு நாட்கணக்கிற் தேய்த்தேன். பித்தளைத் தகடு பொன்போல் மின்னிற்று. ஆனால், அதில் ஏற்கெனவே மங்கியிருந்த எழுத்துக்கள் அடியோடு மறைந்துபோயின. அத்துவக்கைச் செய்தவன் யார் என்பதை இனி எவரும் அறியார்.

2023ஆம் ஆண்டு ஒல்லாந்திலிருந்து மீண்டுவந்த ஆறு பொருள்களைக் கொழும்பு தேசிய நூதனசாலையிற் கண்டபோது அப்பழம்பிழை நெஞ்சைச் சுட்டது. 1765இல் ஒல்லாந்தக் கம்பனியார் கண்டி அரண்மனையிலிருந்து கவர்ந்துசென்ற லெவ்கே திசாவையின் பீரங்கியும் இரு துவக்குகளும் அவற்றுள் அடங்கும். பீரங்கியின் வெண்கலக் குழலைப் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் அணிசெய்கின்றன. அதிலுள்ள சூரியன், சந்திரன், சிங்கம் ஆகிய சின்னங்கள் அது கண்டி மன்னனுக்குரியதென இன்றும் சாட்சி பகர்கின்றன. என்னைப் போன்ற ஓர் ஆர்வக்காரர் கையில் அது அகப்பட்டிருந்தால் அச்சாட்சி என்னாகியிருக்கும்!

பழந்துவக்கைப் பேணுவோர் முதலில் அதனுள் மருந்து உண்டாவென அறிதல் வேண்டும். வாய்வழி கெட்டித்த கரிமருந்து நூறாண்டு கழிந்தும் தீப்பற்றக் கூடும். மரக்கோலொன்றைக் குழலினுள் விட்டு, அது பற்றுத்துளைவரை செல்கின்றதா என அளந்து பார்ப்பர். ஐயமிருப்பின் தேர்ந்தோரிடம் விடுதலே முறை.

இரும்பிற் படிவது இருவகை. செந்நிறமாய்ப் பொடியுதிர்வது உலோகத்தைத் தின்னும் துரு. கருநிறமாய் இறுகியிருப்பது காலம் தந்த கவசம். முன்னதை எண்ணெயில் ஊறவிட்டு மென்துணியால் மெல்லத் துடைக்கலாம். பின்னதைத் தொடலாகாது. கரிமருந்தின் எச்சத்திலுள்ள உப்புக்கள் காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்க்கும். விரல் வியர்வையின் உப்பும் அவ்வாறே. ஆதலாற் கையுறை அணிவர். துடைத்தபின் மெழுகை மென்படலமாய்ப் பூசுவர். மரமும் தந்தமும் ஈரத்தில் விரிந்து, உலர்கையிற் சுருங்கி வெடிக்குமாதலின், அவற்றை நீரில் நனையவிடார்.

கடற்காற்று உப்பைச் சுமந்துவரும் நம் கரையோரங்களிலே இவ்விழிப்பு மிக வேண்டற்பாலது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிற் பழம்பொருள் எதனைக் கண்டாலும், துணியை எடுக்குமுன் அதிலுள்ள எழுத்தையும் குறியையும் பார்த்து எழுதிவைக்க மாணவருக்குப் பழக்குங்கள். எனக்கு அதனை எவரும் சொல்லித் தரவில்லை.