மூன்று மீட்டர் நடை

நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் பார்க்கின்சன் நோய்க்கு உடற்பயிற்சி நல்லது என்பதை இன்று மறுப்பவர் எவருமில்லை. ஆனால் அந்த நன்மை எவ்வளவு, அதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு விடை காண்பது அத்தனை எளிதாக இருக்கவில்லை. நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் படிப்படியாக அழிய, அவை சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் குறைந்து, அசைவு மந்தமாகி, தசை விறைத்து, சும்மா மடியில் கிடக்கும் கை நடுங்கத் தொடங்குகிறது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்த இந்நோய் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும் இயல்புடையது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. முழங்கால் வலிக்குப் பயிற்சி செய்பவர் வலி குறைந்ததைத் தாமே உணர்வார். நடுக்குவாதம் உள்ளவரோ ஆறு மாதம் விடாமல் நடந்த பிறகும் ‘அப்படியேதான் இருக்கு’ என்பார். அப்படியே இருப்பதே அவர் பெற்ற பயன் என்பதை, பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டாலன்றிக் காட்ட முடியாது.

இதற்கென உலகெங்கும் கையாளப்படும் மதிப்பீட்டு முறை, இயக்கக் கோளாறு மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கத்தால் திருத்தப்பட்டு 2008-இல் வெளியானது. அதன் நான்கு பகுதிகளில் மூன்றாவது, மருத்துவர் நேரில் சோதித்து மதிப்பெண் இடும் இயக்கப் பகுதி: 33 இனங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை இட்டு, அதிகபட்சம் 132 வரை கூட்டுவர், எண் ஏற ஏற நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் பத்து முறை, முடிந்த அளவு அகலமாகவும் விரைவாகவும் தட்டச் சொல்வது அவற்றில் ஒன்று. முதல் மூன்று நான்கு தட்டில் நன்றாக விரிந்த விரல்கள் ஏழாவது எட்டாவது தட்டில் அரை அங்குலம்கூட விலகாமல் தயங்கி நிற்பதை அருகிலிருந்து பார்த்தால், இந்நோயின் சாரம் நடுக்கத்தைவிட இந்தச் சுருக்கத்திலேயே இருப்பது விளங்கும். ஓய்வூதியத் தாளில் இடும் கையெழுத்தின் முதலெழுத்து பெரிதாகத் தொடங்கிக் கடைசி எழுத்து எறும்பளவாக முடிவதும் இதே சுருக்கம்தான்.

இந்த மதிப்பெண்ணை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டுக்கு மேற்படாத, இன்னும் மருந்து தொடங்காத 128 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை ஓடும் பட்டையின் மீது நடக்க வைக்கும் டிரெட்மில்லில், இதயத்துடிப்பு அதன் உச்சத்தில் 80 முதல் 85 விழுக்காட்டை எட்டும் வேகத்தில், வாரம் நான்கு நாள் பயிற்சி செய்ய வைத்தனர். ஆறு மாதத்தில் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களின் இயக்க மதிப்பெண் சராசரியாக 3.2 ஏறியிருக்க, வேகமாக நடந்தவர்களுக்கு அது 0.3 மட்டுமே ஏறியிருந்தது. மிதமாக நடந்தவர்கள் இரண்டுக்கும் நடுவே நின்றனர். நெதர்லாந்தில் 130 பேர் தத்தம் வீட்டிலேயே மிதிவண்டிப் பயிற்சி செய்த இன்னோர் ஆய்விலும் (2019) இதே போக்குத்தான்: உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி செய்தவர்களுக்கு 5.6 ஏறியது, மிதித்தவர்களுக்கு 1.3. எவரையும் இவை குணப்படுத்திவிடவில்லை. சரிவு மெதுவானது, அவ்வளவே. முற்றிக்கொண்டே போகும் நோயில் அந்த ‘அவ்வளவே’ மிகப் பெரிது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் கடைப்பிடித்த ஒரு கட்டுப்பாடு தனியே கவனிக்கத்தக்கது. இந்நோய்க்கு முதன்மையான மருந்தான லெவோடோபா மூளையில் டோபமைனாக மாறுவது. பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937-இல் அறிவித்தவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் என்பது இங்கே நினைவுகூர வேண்டிய செய்தி. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் எழுந்து நடமாடுபவர், அதன் வேகம் இறங்கியதும் நாற்காலியைவிட்டு எழவே சிரமப்படுவார். ஆகவே ஒரு நாள் மாத்திரை வேலை செய்யும் வேளையிலும் மறுமுறை அது இறங்கிய வேளையிலும் அளந்தால், தெரியும் வேறுபாடு மாத்திரையுடையதா பயிற்சியுடையதா என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் அங்கே மருந்தின் வேகம் அடங்கிய நேரத்தில் அனைவரையும் சோதித்தனர்.

நம்பிக்கையும் அளவைக் குழப்பும். மருந்தென்று எண்ணி வெற்று மருந்தைப் பெற்றுக்கொண்ட நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் டோபமைன் சுரந்ததைக் கனடா ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினர். பயிற்சியை மறைத்துக் கொடுக்க வழியில்லாததால், எவர் எந்தக் குழு என்று அறியாத ஒருவரே மதிப்பெண் இட வேண்டியிருக்கிறது. இத்தகைய 156 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 7,939 பேரையும் சேர்த்து நோக்கிய காக்ரேன் தொகுப்பாய்வு (2023), நடனம், நீர்ப்பயிற்சி, நடைப்பயிற்சி எனப் பெரும்பாலான வகைகள் பயன் தருவதாகவும், ஒன்று மற்றொன்றைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்றில்லை என்றும் முடிவு கூறியது. தமிழ்நாட்டுக்கு இது நல்ல செய்தி. புணேயில் நடனக் கலைஞர் ஹ்ரிஷிகேஷ் பவார் இந்நோயாளிகளுக்கு நடனம் கற்பித்து வருவதைப் போல, தாளத்துக்கேற்ப வரிசையாக அடியெடுத்து வைக்கும் ஒயிலாட்டத்தை மதுரை வட்டாரத்தில் முறையாக அளந்து பார்க்க எல்லா நியாயமும் உண்டு. தாளம் கேட்டதும் தடைப்பட்ட நடை சீராவது இந்நோயில் நன்கறியப்பட்ட ஒன்று.

ஆனால் மதுரை வட்டச்சாலை நான்குவழிச் சாலையில் வந்து சேரும் கப்பலூரில், தொழிற்பேட்டைக்கும் சுங்கச்சாவடிக்கும் இடையே லாரிகள் ஓயாத ஊரில், டிரெட்மில் கணக்கை அப்படியே இறக்கிவைக்க முடியாது. 65 வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 155 என்று கொண்டால் அதில் 80 விழுக்காடு 124; சித்திரை வெயிலில் அதை எட்ட முயல்வது ஆபத்து, ஏனெனில் எழுந்து நின்றவுடன் ரத்த அழுத்தம் இறங்குவது இந்நோயிலும் அதற்கான மருந்துகளாலும் அடிக்கடி நேர்கிறது. விடியலில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு நடப்பதே இங்கே பொருந்தும்.

அளப்பதற்கு மட்டும் எந்தக் கருவியும் தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார ஆகும் நேரத்தைக் கணக்கிடும் சோதனை 1991 முதல் புழக்கத்தில் உள்ளது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆகும் முதியவருக்கு விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வரையறுக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் பதித்த கூடமானால் ஐந்து கல் தூரம். நேர்நடையைவிடத் திரும்பும் இடத்தைப் பார்க்க வேண்டும்: இரண்டு அடியில் திரும்ப வேண்டியவர் ஏழெட்டுச் சிற்றடியாகத் திரும்புவார், அல்லது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடுவார். அவ்வேளையில் டைல்ஸின் கோட்டைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் எழும். மருத்துவர் முன்னிலையில் பெரும்பாலும் தலைகாட்டாத இந்த உறைவு, வீட்டு நிலைப்படியில்தான் வெளிப்படுகிறது என்பதால் வீட்டார் எழுதிவைக்கும் குறிப்புக்கு மருத்துவமனை மதிப்பெண்ணுக்கு இணையான மதிப்புண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டலாம்: வாரம் ஒரு முறை, அதே நாற்காலி, அதே செருப்பு, மாத்திரை போட்ட மணி, அளந்த மணி, ஆன நொடி, அந்த வாரம் விழுந்தது எத்தனை முறை.