தபால் பெட்டியில் வெள்ளம்

நாளை நீங்கள் டிசைன் ஆபீஸிலோ சாஃப்ட்வேர் கம்பெனியிலோ சேரும்போது, முதல் சம்பளத்துக்கு முன்னாடியே கைக்கு வருவது ஒரு மின்னஞ்சல் முகவரி. கூடவே நாலைந்து மடல் குழுக்களிலும் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், பத்துப் பேர் பதில் சொல்வார்கள். பதினோரு கடிதமும் உங்கள் பெட்டியில்தான் விழும்.

விழுந்தால் என்ன என்கிறீர்களா? நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், ஷாஃப்ட் ஒன்றின் அளவைத் திருத்திய டிராயிங் மெயிலில் வந்தது. குழுக் கடிதங்களுக்கு அடியில் அது புதைந்துபோக, பழைய டிராயிங்கை வைத்தே லேத்தில் ஓட்டிவிட்டார்கள். நாற்பது பீஸும் ஸ்கிராப். திட்டு வாங்கியவர் லேத் ஆபரேட்டர். பாவம், அவருக்கு மெயிலே கிடையாது!

அனுப்பியவர் பெயரை வைத்தோ தலைப்பை வைத்தோ கடிதங்களைப் பிரிப்பது சரிப்படாது. ஆளும் மாறும், தலைப்பும் மாறும். மாறாதது ஒன்று உண்டு. மடல் குழு மென்பொருள்கள் அனுப்பும் கடிதத்தில், சாதாரணமாக நம் கண்ணில் படாமல், 'லிஸ்ட்-ஐடி' என்று ஒரு வரி இருக்கும். 2001-ல் ஆர்.எஃப்.சி. 2919 வகுத்த முறை இது. பஸ் ரூட் நம்பர் மாதிரி. டிரைவர் மாறினாலும் நம்பர் மாறாது. இந்த வரியை ஃபில்டரில் கொடுத்து, தனி ஃபோல்டருக்குப் போகச் சொல்லிவிடுங்கள். ஆனால் பெறுநர் இடத்தில் உங்கள் முகவரியும் இருந்தால், அது மட்டும் இன்பாக்ஸிலேயே நிற்கட்டும். யாரோ உங்களைத்தான் கேட்கிறார்.

அந்த ஃபோல்டரை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே தடவைதான் நான் திறப்பேன். தலைப்பைப் பார்த்து, வேண்டாததை அப்படியே அழித்துவிடுவேன். 'பிறகு படிக்கலாம்'னு ஒதுக்கியதை யாரும் படித்ததாக நான் பார்த்ததில்லை.

மெயில்மேன் போன்ற மென்பொருளில் 'டைஜஸ்ட்' வசதி உண்டு. கடிதங்கள் கட்டாகச் சேர்ந்து வரும். அதற்குப் பதில் எழுதினால் தலைப்பை மாத்தணும், இல்லாவிட்டால் எதற்குப் பதில் என்றே புரியாது.

குழுவே வேண்டாமா? 'என்னை நீக்குங்கள்' என்று எல்லோருக்கும் எழுதாதீர்கள்; அதுவும் ஒரு குப்பைதான். விலகும் வழியைக் கடிதத்திலேயே வைக்கும் முறை 1998 முதல் இருக்கிறது. கூகுளும் யாஹூவும் 2024-ல், மொத்தமாக விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலக வழி தரவேண்டும் என்று கட்டாயமாக்கின. முன்பின் தெரியாத மோசடிக் கடிதத்தில் மட்டும் அந்த பட்டனைத் தொடாதீர்கள். தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்குன்னு அவனுக்கு நாமே சொன்ன மாதிரி.