பேசி முடித்த வீடு கைநழுவும்போது



தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் தோட்டத்து வீடு. இது நம் மக்கள் எல்லாரும் அறிந்த செய்தி. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் வைத்திருக்கிறது. அந்த வயது வந்ததும் வீட்டுச் சாவியையும் நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஐம்பதைத் தாண்டியவர்கள் பக்கத்துப் பட்டணத்துத் தாமானில் ஒரு பழைய வீடு கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அப்படி விசாரித்து, பார்த்து, பேசி முடித்த வீடு கடைசி நேரத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடுவதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நாம் சட்டம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு வரும் பெற்றோர், பிள்ளையின் படிப்பைக் கேட்டுவிட்டு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, "இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்" என்று நீட்டுவது வழக்கம். அப்படி வந்த தாள்களில் வீட்டுத் தாள்களே அதிகம். நமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் வெளிக்காட்டு வேலை. மூத்த மகன் தொழிற்சாலையில் இருக்கிறான். தாமானில் ஒரு மாடியில்லாத வீடு, விலை 180,000 வெள்ளி. வீட்டுக்காரர் நல்ல மனிதர். தேநீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். அன்றே சீட்டுப் பணத்திலிருந்து 2,000 வெள்ளி கைமாறியது. அவர் ஒரு துண்டுத் தாளில் "வீட்டுக்கு முன்பணம் 2,000 பெற்றேன்" என்று எழிதிக் கையெழுத்து வைத்தார். மூன்று வாரம் சென்று தொலைபேசி வருகிறது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வேற ஒருத்தரு ரொக்கமா தர்றேங்கிறாரு. ஒங்க பணத்த வந்து வாங்கிக்கிங்க." ஓய்வுக்கு இன்னும் எட்டே மாதம். சின்ன மகளுக்கு அந்த வட்டாரத்துப் பள்ளியில் இடமும் கேட்டாயிற்று.

இதில் அவர் செய்தது சட்டப்படி சரியா, தவறா? அவரைத் திட்டுவதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. ஒருவர் "தருகிறேன்" என்று முன்வைத்ததை, மற்றவர் "ஏற்றுக்கொண்டேன்" என்று தெரிவித்து முடியும்வரை திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அச்சட்டத்தின் விதி. இது வாங்குபவருக்கும் பொருந்தும். ஏற்றுக்கொண்ட பிறகுதான் கட்டு விழுகிறது. அந்தக் கட்டு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வாய்ப்பேச்சிலும் ஒப்பந்தம் உண்டாகலாம். ஆனால் என்ன விலை, எந்த வீடு, எத்தனை நாளில் பணம், யார் யார் பேசினார்கள் என்பதையெல்லாம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியவர் நாம்தான். மேலே சொன்ன துண்டுத் தாளைப் பாருங்கள். எந்த வீடு என்று அதில் இல்லை. மொத்த விலை இல்லை. எப்போது உடன்பாடு கையெழுத்தாகும் என்பதும் இல்லை. பணம் வாங்கினார் என்பதை மட்டும் அது சொல்கிறது. அந்தப் பணத்தைத்தான் அவர் திருப்பித் தருகிறேன் என்கிறார்.

ஆகவே முதல் நாளில் எழுதும் தாளைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். வீட்டு முகவரியும் கிராண்ட் எண்ணும், கிராண்டில் உள்ளபடி உரிமையாளர் பெயரும், இருவர் அடையாளக் கார்டு எண்களும், முழு விலையும், இன்று கொடுத்த தொகையும், மீதி எப்போது என்பதும் அதில் வர வேண்டும். கிராண்டில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். பல வீடுகள் இந்த இடத்தில்தான் நழுவுகின்றன: கணவர் பேசி முடிப்பார், கிராண்டில் பாதிக்கு உரிமையுள்ள மனைவி மறுப்பார். இதை முன்கூட்டியே அறிய நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி 'சாரியான்' எடுத்துப் பார்க்கலாம். உரிமையாளர் யார், வங்கியில் அடகு உண்டா, யாராவது தடை போட்டிருக்கிறார்களா, மாற்றுவதற்கு மாநில அரசின் அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் அதில் வரும். மலாய் ரிசர்வ் நிலமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அப்படியானால் நம் பெயருக்கு மாறாது, பேசிப் பயனில்லை.

இன்னும் இரண்டு வாசகங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, "முறையான உடன்பாடு கையெழுத்தாவதற்கு உட்பட்டது" என்பது. இந்த வாசகம் இருந்தால், அந்த உடன்பாடு கையெழுத்தாகும்வரை யாரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை என்றே நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்கின்றன. மற்றொன்று, விற்பவர் பின்வாங்கினால் முன்பணத்தைத் திருப்பித் தந்து, அதே அளவு தொகையை ஈடாகவும் தர வேண்டும் என்பது. முகவர்கள் கொண்டுவரும் படிவங்கள் பலவற்றில் இது அச்சிட்டே இருக்கும். நாமே எழுதும் தாளில் ஒருவரும் எழுதுவதில்லை. வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போகும் என்பதை மட்டும் எல்லாரும் மறக்காமல் எழுதிவிடுகிறார்கள்!

முகவர் வழியாகப் போனால், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவரா என்று பார்த்து, பணத்தை அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் செலுத்துங்கள். ஆளின் சொந்தக் கணக்கில் வேண்டாம்.

இனி, அந்த மூன்று வாரத்துக்கு வருவோம். பழைய வீடு வாங்கும்போது முதலில் இரண்டு அல்லது மூன்று விழுக்காடு கொடுத்து, பதினான்கு வேலை நாட்களுக்குள் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, அப்போது மொத்தம் பத்து விழுக்காடாக நிறைவு செய்வது வழக்கம். 180,000 வெள்ளி வீட்டுக்கு இரண்டு விழுக்காடு 3,600 வெள்ளி; கையெழுத்து நாளில் மேலும் 14,400 வெள்ளி. இந்த 14,400 எங்கிருந்து வரும்? நம் மக்கள் உடனே சொல்லும் பதில், "சேமநிதியிலிருந்து எடுத்துக்கலாம்" என்பது. இங்கேதான் இடறுகிறது. வீட்டுக்காகச் சேமநிதியில் பணம் எடுக்க, கையெழுத்தான உடன்பாட்டைக் காட்ட வேண்டும். கையெழுத்திடப் பணம் வேண்டும். பணம் எடுக்கக் கையெழுத்து வேண்டும். ஆகவே இந்த வழியை நம்பியிருப்பவருக்கு அந்தப் பத்து விழுக்காடு கையிலேயே இருந்தாக வேண்டும். வீட்டுக்காக எடுக்கும் சேமநிதிப் பணம் அதற்குப் பிறகுதான் உதவும். இதை அறியாமல் வீடு பார்க்கப் போகிறவர்கள், நகையை அடகு வைக்கவும் உறவினரிடம் கேட்கவும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பதினான்கு நாளும் ஓடிவிடுகிறது.

வங்கிக் கடனும் அப்படியே. தகப்பனாருக்கு 59 வயதென்றால், கடன் பெரும்பாலும் 70 வயதுக்குள் முடிய வேண்டும் என்று வங்கி கேட்கும். பதினோரு ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை சம்பளத்தை விழுங்கும். மகன் பெயரில், அல்லது இருவரும் சேர்ந்து போட வேண்டிவரும். அப்போது மகனின் மோட்டார் சைக்கிள் தவணை, படிப்புக் கடன் பாக்கி எல்லாம் வெளியே வரும். பேங்க் நெகாராவின் 'சிசிரிஸ்' அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். வீடு பார்க்கப் போகும் முன்பே அதை எடுத்து, இரண்டு மூன்று வங்கிகளில், "எங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டுவிடுவது நல்லது. வீட்டைப் பார்த்த பிறகு இதைத் தொடங்குவது காலம் தாழ்ந்த வேலை.

விற்பவர் பக்கமும் சிறிது நின்று பார்க்க வேண்டும். அவருக்கும் வங்கிக் கடன் இருக்கலாம். அவர் வேறு வீட்டுக்குப் பணம் கட்டக் காத்திருக்கலாம். கடனில் வாங்குபவரிடம் விற்றால், உடன்பாட்டுக்குப் பின் மூன்று மாதமும், தேவைப்பட்டால் வட்டியோடு இன்னொரு மாதமும் என்பது வழக்கம். அதற்கு மேலும் இழுத்தடிப்பது உண்டு. ரொக்கக்காரர் வந்தால் இந்தக் காத்திருப்பு குறைகிறது. சிலர் தம் இனத்தார்க்கே விற்கிறார்கள் என்ற மனக்குறையும் நம்மிடையே உண்டு. அப்படியும் நடப்பதுண்டு; ஆனால் நாம் பார்த்த பல சம்பவங்களில் பணம் எப்போது வரும் என்பதே முடிவு செய்திருக்கிறது. நம் மக்களுக்கு இது புதிதும் அன்று. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, ரொக்கம் வைத்திருந்தவர்கள் வாங்கித் துண்டு துண்டாக விற்றார்கள். அந்த மண்ணில் தலைமுறையாக உழைத்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலைக் கண்டுதான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். விற்பவர் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் பணம் முன்கூட்டித் திரண்டிருக்க வேண்டும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

உடன்பாடு கையெழுத்தான பிறகும் விற்பவர் மனம் மாறினால்? அப்போது நம் கை வலுக்கிறது. ஆனால் ஒரு வேலையைத் தாமதமின்றிச் செய்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் 'கேவியட்'. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, வாங்க ஒப்பந்தம் செய்தவர் நில அலுவலகத்தில் தனியார் கேவியட் பதியலாம். அது கிராண்டில் ஏறிவிட்டால், அது நீங்கும்வரை அந்த வீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றிப் பதிய முடியாது. ஆறு ஆண்டு வரை அது நிற்கும். நம் நாட்டில் நிலத்தைப் பொறுத்தவரை பதிவேட்டில் யார் பெயர் ஏறியதோ அவரே உரிமையாளர். கேவியட் இல்லாத நிலையில் இரண்டாவது ஆள் சூதுவாது இல்லாமல் வாங்கித் தம் பெயரில் பதிந்துவிட்டால், வீட்டை அவரிடமிருந்து மீட்பது மிகக் கடினம். விற்றவரிடம் பணமாக ஈடு கேட்பதே மிஞ்சும். ஆகவே கையெழுத்திட்ட அன்றே வழக்கறிஞரிடம், "கேவியட் எப்போது போடுவீர்கள்?" என்று கேளுங்கள். போட்ட பிறகு பதிவுச் சீட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அவர் நம்முடைய வழக்கறிஞராகவும் இருக்க வேண்டும். செலவு மிச்சம் என்று விற்பவரின் வழக்கறிஞரையே நம்பியிருந்தால், அவர் விற்பவருக்காகவே பேசுவார்.

ஒரு எச்சரிக்கை. துண்டுத் தாளை வைத்துக்கொண்டு கோபத்தில் கேவியட் போடக் கூடாது. தக்க காரணமின்றிப் போட்டால், அதனால் வந்த நட்டத்தை நாமே கொடுக்க வேண்டியிருக்கும்.

வழக்கு என்று போனால், 'அக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக்' எனப்படும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குபவருக்குத் துணை நிற்கிறது. ஒரு வீடோ நிலமோ கைவிட்டுப் போனால் அதைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது என்றே அச்சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, "சொன்னபடி விற்றுக்கொடு" என்று நீதிமன்றம் உத்தரவிட இடமுண்டு. ஆனால் நம் பங்குப் பணம் தயாராக இருந்தது என்று காட்ட வேண்டும். கடன் கிடைக்காமல் இருந்தவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். வழக்குச் செலவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்து, ஈட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு வேறு வீடு தேடுபவர்களே அதிகம். ஓய்வுக்கு எட்டு மாதமே உள்ள குடும்பத்துக்கு அதுவே பொருத்தம் என்பது நம் எண்ணம்.

வீடு கட்டி விற்கும் நிறுவனங்களிடம் வாங்குவது வேறு கதை. சட்டத்தில் அச்சிட்ட உடன்பாட்டில் கண்டபடியன்றி அவர்கள் பணம் வாங்கக் கூடாது. தகராறு வந்தால் 2002 டிசம்பரில் தொடங்கிய வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. தனி மனிதரிடம் பழைய வீடு வாங்குபவர்களின் வழக்கை அது கேட்பதில்லை.

கடைசியாக, பணத்தைத் திருப்பி வாங்கும் நாள். விற்பவர் பெரும்பாலும் ஒரு தாளையும் கூடக் கொண்டுவருவார். "முன்பணத்தைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருக்கும். இரட்டிப்புத் தொகை தருவதாக முதல் தாளில் எழுதியிருந்தால், இதில் கையெழுத்திட்டதும் அந்த உரிமை போய்விடக்கூடும். "பணம் 2,000 பெற்றேன்" என்பதோடு நிறுத்திக் கையெழுத்திடுங்கள். மற்றதை வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கு ஈடு கேட்க ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதுவரை அந்தத் துண்டுத் தாளையும், வங்கிச் சீட்டுகளையும், கைப்பேசியில் வந்த செய்திகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.