நூறு வயது வாழ்வேன் என்றவர்!

போன மாதம் ஒரு ரிடையர்டு பேங்க் அதிகாரி மனைவியோடு வந்திருந்தார். வயது அறுபத்து நான்கு. நாற்காலியில் உட்காரும்போதே, "டாக்டர், ரெண்டு வருஷமா எங்க வீட்டுல எல்லாமே ஆர்கானிக்தான். அரிசி, பருப்பு, கீரை, செக்கு எண்ணெய்... அதனால பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார் பெருமையாக.

நாடி பார்த்தேன். பிறகு பிரஷரும் பார்த்தேன் (சித்த வைத்தியன் பிரஷர் கருவி வைத்திருக்கக்கூடாது என்று யார் சொன்னது?). 180-க்கு 110! அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவரோ, "உங்க மெஷின் சரியா இருக்கா டாக்டர்?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். கதை இல்லை, நிஜ வாழ்க்கை.

ஜே.ஐ. ரோடேல் என்று ஓர் அமெரிக்கர். 1898-ல் நியூயார்க்கில், ஏழை யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பகுதியில் பிறந்தவர். அப்பாவுக்கு மளிகைக் கடை. ரோடேல் சின்ன வயதில் நோஞ்சான். வளர்ந்து வரிக் கணக்கு ஆடிட்டர் ஆனார். பிறகு சகோதரரோடு சேர்ந்து மின்சாதனத் தொழிற்சாலை வைத்தார். 1930-ல் அதை பென்சில்வேனியாவில் எம்மாஸ் என்ற சிற்றூருக்கு மாற்றினார். அங்கேதான் பத்திரிகை, புத்தகம் என்று பதிப்புத் தொழிலையும் வளர்த்தார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது நம் நாட்டிலிருந்து போன விஷயம். ஆமாம்! ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விவசாய விஞ்ஞானி 1905-ல் இந்தியா வந்து பீகாரில் பூசாவிலும் பிறகு இந்தூரிலும் வேலை பார்த்தார். துரை தோரணையோடு உபதேசம் பண்ணாமல், நம் குடியானவர்களையே வாத்தியாராக வைத்துக் கற்றுக்கொண்டார். செடி கொடிக் கழிவு, சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் கருப்பு மண்ணாக உரம் தயார். இதற்கு 'இந்தூர் முறை' என்றே பெயர். மண் வளமாக இருந்தால் பயிர் வளம், பயிர் வளமாக இருந்தால் மாடும் மனிதனும் நலம் என்பது அவர் கட்சி. பூசாவில் நல்ல தீவனம் தின்ற தன் காளைகள், வேலிக்கு அந்தப்புறம் கோமாரி கண்ட மாடுகளோடு மூக்கை உரசியும் நோய் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். (இதைப் படித்துவிட்டு மாட்டுக்குக் கோமாரி ஊசி போடாமல் இருந்துவிடாதீர்கள்!)

ஹோவர்டு 1940-ல் எழுதிய புத்தகம் ரோடேலுக்குப் பொறி தட்டியது. எம்மாஸ் அருகே சத்தெல்லாம் போன ஒரு பண்ணையை வாங்கி, மக்கிய உரம் போட்டே அதைப் பசுமையாக்கினார். 1942-ல் இயற்கை விவசாயத்துக்கென்றே ஒரு பத்திரிகை. ஹோவர்டையும் ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு அனுப்பியும் சந்தா கட்டியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள்தான் கைகொடுத்தார்கள். டி.டி.டி. பொடியைக் கடவுள் தந்த வரம் என்று கொண்டாடிய காலத்தில் இந்த மனிதர் சாணி, எரு என்று பேசினால் சிரிக்கமாட்டார்களா? சிரித்தார்கள். 1962-ல் ராச்சேல் கார்சன் பூச்சிமருந்து ஆபத்தைப் புத்தகமாக எழுதிய பிறகுதான் சிரிப்பு குறைந்தது.

1950-ல் 'பிரிவென்ஷன்' ஆரம்பித்தார். வருமுன் காப்பது என்று அர்த்தம். குடும்ப ஆரோக்கியத்துக்கென்றே ஒரு மாத இதழ். விற்பனை லட்சங்களைத் தாண்டியது. நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் பேராசிரியர்கள் வாய் ஓயாமல் சொன்னதும் இதே வருமுன் காப்பதுதான். அதனால் இவர் மேல் எனக்கு ஒரு பங்காளிப் பாசம் உண்டு.

ஆனால் மண்ணைப் பற்றிச் சரியாகச் சொன்னவர், உடம்பைப் பற்றி அளந்தும் விட்டார். கோதுமை ஆகாது என்றார். சர்க்கரைக்கும் குற்றம் செய்கிற புத்திக்கும் முடிச்சுப் போட்டுப் புத்தகமே எழுதினார். எலும்புத்தூள் மாத்திரை நல்லது என்று சாப்பிட்டார், மற்றவர்களையும் சாப்பிடச் சொன்னார். அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை பிற்பாடுதான் வந்தது. தினம் டஜன் கணக்கில் வைட்டமின் வேறு. இயற்கை, இயற்கை என்றவர் கைநிறைய மாத்திரை விழுங்கியது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

1971 ஜூன் மாதம். டிக் கேவட் நடத்திய பிரபல டி.வி. நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். ரோடேலுக்கு 72 வயது. நூறு வரை வாழ்வேன் என்று சொல்லிவந்தவர் குஷியாகப் பேசினார், எல்லோரையும் சிரிக்க வைத்தார். பேசி முடித்து அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். அடுத்த விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போதே குறட்டை மாதிரி ஒரு சத்தம்... தலை சாய்ந்துவிட்டது. மாரடைப்பு! அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பவே இல்லை.

"அப்ப ஆர்கானிக் எல்லாம் சும்மாவா டாக்டர்?" என்று பேங்க் ஐயா உடனே கட்சி மாறினார்.

அதுவும் தப்பு. ரோடேல் குடும்பத்தில் இதயக் கோளாறு இருந்தது. கட்டுப்பாடாகச் சாப்பிட்டதால்தான் 72 வரை ஓடியதோ என்னவோ, ஒரு மனிதரை வைத்து இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நல்ல சாப்பாடு ரத்தக்குழாய்க்கு நல்லதுதான். ஆனால் பிரஷர் ஏறியிருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. தலைவலி, மயக்கம் எதுவும் இருக்காது. "நல்லாத்தான் இருக்கேன்" என்ற நினைப்பை வைத்து மாத்திரையை நிறுத்தினால் மூளையிலோ இதயத்திலோ போய் வெடிக்கும். எங்கள் மருந்து சாப்பிடுகிறவர்களும் பழைய மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. இரண்டு டாக்டர்களுக்கும் இரண்டும் தெரிய வேண்டும்.

நானும் யோக்கியன் இல்லை. வைத்தியம் ஆரம்பித்த புதிதில் ஒருவர் நெஞ்சு எரிச்சல் என்று வந்தார். குன்மம் என்று நினைத்துச் சூரணம் கொடுத்தனுப்பினேன். அன்று ராத்திரியே அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. இதயம்தான் காரணம். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நாற்பது தாண்டியவர் நெஞ்சைத் தடவினால் முதலில் ஈ.சி.ஜி., அப்புறம்தான் சூரணம்.

ரோடேலுக்குப் பிறகு மகன் ராபர்ட் பொறுப்பேற்றார். அப்பா மாதிரி அடித்துப் பேசாமல் 1981-ல் ரசாயன வயலையும் இயற்கை வயலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மக்காச்சோளம், சோயா பயிரிட்டு அளக்கும் சோதனையைத் தொடங்கி வைத்தார். முதல் சில வருஷம் இயற்கை வயலில் விளைச்சல் குறைவு. பிறகு சமமாக வந்தது. மழை பொய்த்த வருஷங்களில் இயற்கை வயல் சோளம் முந்தியது. ராபர்ட் 1990-ல் மாஸ்கோவில் கார் விபத்தில் இறந்தார். பதிப்பகம் 2018-ல் ஹெர்ஸ்ட் கம்பெனிக்குக் கைமாறியது.

பேங்க் ஐயாவை அன்றே அவருடைய இதய டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். போன வாரம் வந்தபோது 138-க்கு 86. மாப்பிள்ளைச் சம்பா தொடர்கிறதாம். மாத்திரை டப்பாவை அரிசி டப்பா பக்கத்திலேயே வைத்துவிட்டார்களாம் அம்மா.