மூச்சடக்கும் கடல் விலங்குகளும் மெல்லத் துடிக்கும் இதயமும்

ஒரு சின்னச் சோதனை. அகலமான பாத்திரம் ஒன்றில் குளிர்ந்த நீரை நிரப்பிக் கொள்ளுங்கள். மணிக்கட்டில் நாடியை எண்ண வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு, மூச்சை அடக்கி முகத்தை நீருக்குள் அமிழ்த்துங்கள். (இதயக் கோளாறு உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) அரை நிமிடத்திற்குள் நாடி தளர்வதை எண்ணுகிறவர் உணர்வார். மூச்சை மட்டும் அடக்கினால் இவ்வளவு தளராது. நெற்றியிலும், கண்ணையும் மூக்கையும் சுற்றியும் குளிர்ந்த நீர் பட வேண்டும். அங்குள்ள நரம்புகள் மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து வேகஸ் நரம்பின் வழியாக இதயத்திற்குக் கட்டளை போகிறது: மெதுவாகத் துடி.

இதை நாம் யாரும் கற்றுக் கொள்வதில்லை. பிறக்கும்போதே நம்மோடு வருகிற அனிச்சைச் செயல் இது. மன்னார் வளைகுடாவில் காலில் கல்லோடு இறங்கி முத்துக் குளித்தவர்களுக்கு அந்த ஒரு நிமிடத்தில் துணை நின்றது இதுவே. நம்மிடம் சிறிய அளவில் இருக்கும் இந்த ஏற்பாடு, சீல்களிடமும் திமிங்கிலங்களிடமும் பிரமிக்கத் தக்க அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

மூழ்கும்போது இதயம் ஏன் தளர வேண்டும்? இதைக் குடும்பச் செலவு போல யோசித்துப் பாருங்கள். வருமானம் நின்று விட்டது. கையிருப்பு மட்டுமே மிச்சம். முதலில் அத்தியாவசியமில்லாத செலவுகளை நிறுத்துவோம் அல்லவா? மூழ்கும் விலங்கின் உடலும் தோல், குடல், சிறுநீரகம், தசைகள் ஆகியவற்றுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி விடுகிறது. பிராணவாயு இல்லாமல் சில நிமிடங்கள்கூடத் தாங்காத மூளைக்கும், இதயத்திற்கும் மட்டும் இரத்தம் ஓடுகிறது. குழாய்கள் பலவும் அடைபட்ட நிலையில் இதயம் பழைய வேகத்திலேயே அடித்தால் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி விடும். எனவே குழாய்கள் சுருங்குவதும் இதயம் தளர்வதும் சேர்ந்தே நடக்கின்றன. மெதுவாகத் துடிக்கும் இதயத்திற்குப் பிராணவாயுவும் குறைவாகவே செலவாகிறது.

கையிருப்பு எங்கே இருக்கிறது? நுரையீரலில் என்றுதான் நினைப்போம். ஆனால் தென்துருவத்து வெட்டல் சீல் மூழ்குவதற்கு முன் மூச்சை வெளியே விடுகிறது! ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் நுரையீரல் சுருங்கி மடங்கி விடும். காற்று அதிகம் இருந்தால் அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து, மேலே வரும்போது குமிழிகளாகித் தொல்லை தரும். ஆகவே சீலின் சேமிப்பு இரத்தத்திலும் தசையிலும் இருக்கிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் மனிதனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இரத்தம் அதற்கு உண்டு. தசையில் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் நம்மைவிடச் சுமார் 10 மடங்கு. அதனால்தான் சீலின் தசை கறுப்பாகத் தெரியும். முதன்முதலாக முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்ட புரதமும் மயோகுளோபின்தான். 1958ல் ஜான் கெண்ட்ரூ அதற்கு எடுத்துக் கொண்டது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தசையை. 1962ல் அந்தப் பணிக்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இனி இதயத்தைக் கணக்கிட்டவர்களின் கதைக்கு வருவோம். நீரில் அமிழ்த்திய வாத்தின் இதயம் தளர்வதை 1870லேயே பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் எழுதி வைத்தார். விரிவாக ஆராய்ந்தவர் நார்வேயில் பணியாற்றிய பெர் ஸ்கொலாண்டர். அவர் சீலைப் பலகையில் கட்டித் தொட்டி நீரில் அமிழ்த்தினார். இதயத் துடிப்பு சட்டென்று பத்தில் ஒரு பங்காக விழுந்தது. தசைகளில் சேர்ந்த லாக்டிக் அமிலம், நீருக்குள் இருக்கும்வரை இரத்தத்தில் அவ்வளவாகத் தென்படாமல், மேலே வந்த பிறகே வெள்ளமாகக் கலந்தது. தசைகளுக்கு இரத்தம் நிறுத்தப்பட்டிருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. 1940ல் வெளியான அவருடைய நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கட்டப்பட்ட சீலுக்குத் தன்னை எப்போது மேலே விடுவார்கள் என்று தெரியாது. தன் விருப்பப்படி மூழ்கும் சீலும் இப்படித்தானா?

1960களில் அமெரிக்கரான ஜெரால்ட் கூய்மன் தென்துருவத்தின் மக்மர்டோ குடாவில் இதற்கு விடை தேடினார். உறைந்த கடலில், வேறு துளைகள் இல்லாத இடத்தில் பனியில் ஒரு துளை போட்டார். அங்கே விடப்பட்ட சீல் மூச்சு வாங்க அதே துளைக்குத்தான் திரும்பி வந்தாக வேண்டும். சமையலறைக் கடிகாரத்தைக் கொண்டு அவர் செய்த ஆழமானி அதன் முதுகில் சவாரி செய்தது. 600 மீட்டர் ஆழம் வரை போகக் கூடிய விலங்கு, ஒரு மணி நேரத்திற்கும் மேல் மூச்சடக்கக் கூடிய விலங்கு என்பதெல்லாம் அப்படித் தெரிய வந்தது. அதைவிட முக்கியமானது, பெரும்பாலான முக்குளிப்புகள் 20 நிமிடத்திற்கு உட்பட்டவை. அவற்றில் லாக்டிக் அமிலம் கூடவே இல்லை. இதயமும் குறுகிய முக்குளிப்பில் மிதமாகவும், நெடியதில் கூடுதலாகவும் தளர்ந்தது.

ஆக, இது வெறும் பொத்தானை அழுத்தினால் அணையும் விளக்கல்ல. எவ்வளவு நேரம் கீழே இருக்கப் போகிறோம் என்ற விலங்கின் எதிர்பார்ப்பும் இதில் சேர்ந்திருக்கிறது. மேலே வரும் வழியிலேயே, மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே சீலின் இதயம் வேகம் பிடிக்கத் தொடங்கி விடும். ஸ்கொலாண்டரின் தொட்டியில் பதிவானது முக்குளிப்பு மட்டுமல்ல; அச்சமும் சேர்ந்து பதிவாகியிருந்தது.

இதயத்தின் எல்லை எதுவரை? 2019ல் வெளியான ஓர் ஆய்வு அதைக் காட்டியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி கோல்ட்போகன் குழுவினர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் உடலில் உறிஞ்சு கிண்ணங்களால் கருவியை ஒட்டினார்கள். ஆழத்தில் அதன் இதயம் நிமிடத்திற்கு 4 முதல் 8 முறை துடித்தது. மிகக் குறைந்த அளவு 2 முறை. மேலே வந்து மூச்சு வாங்கும்போது 25 முதல் 37 வரை. இரண்டு துடிப்புகளுக்கு இடையே அரை நிமிடம் இருந்தாலும் இரத்த ஓட்டம் நிற்பதில்லை. இதயத்தை ஒட்டிய பெருந்தமனி பலூன் போல விரிந்து, பின் மெல்லச் சுருங்கி இரத்தத்தை அனுப்பிக் கொண்டே இருக்கிறது.

இப்போது அச்சத்தின் விஷயத்துக்குத் திரும்புவோம். பயந்தால் நமக்கு இதயம் படபடக்கும். ஓடுவதற்குத் தசைகளுக்கு இரத்தம் வேண்டும். மூழ்கியிருக்கும் விலங்கு பயந்தால்? 2017ல் டெர்ரி வில்லியம்ஸ் குழுவினர் கிழக்கு கிரீன்லாந்தில், வலையில் சிக்கி விடுவிக்கப்பட்ட நார்வால்களின் இதயத்தை அளந்து வெளியிட்டனர். அவை வேகமாக வாலடித்துத் தப்பி ஓடின. அதே சமயம் இதயம் நிமிடத்திற்கு 3, 4 முறைதான் துடித்தது! கடும் உழைப்பு, இரத்தமோ இல்லை. ஓடவும் வேண்டும், உறையவும் வேண்டும் என்று இரண்டு கட்டளைகள் ஒரே உடலில் மோதுகின்றன. கடலடியில் எண்ணெய் தேடும் வெடியோசைக்கும் நார்வால்களின் இதயம் இவ்வாறே தளர்வதை அதே குழு 2022ல் தெரிவித்தது.

இது ஆய்வுக்கூடத்துச் சங்கதி மட்டுமல்ல. 2002ல் ஸ்பெயினின் கேனரி தீவுகளருகே கடற்படைப் பயிற்சி நடந்தபோது 14 அலகுத் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. பரிசோதித்தவற்றின் உறுப்புகளில் வாயுக் குமிழிகளின் அடையாளங்கள் இருந்தன. சோனார் ஒலிக்கு மிரண்டு, வழக்கமான முக்குளிப்பு ஒழுங்கை அவை கைவிட்டதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. 2004ல் ஸ்பெயின் அரசு அந்தத் தீவுகளைச் சுற்றிச் சோனாரைத் தடை செய்தது. அதன் பிறகு அங்கே அப்படி மொத்தமாகக் கரை ஒதுங்கியதாகப் பதிவில்லை. ஒரு தடையால் இவ்வளவு தெளிவான பலன் கிடைப்பது அபூர்வம்.

முதலில் செய்த சோதனைக்கு மீண்டும் வருவோம். மூச்சு முட்டினால் முகத்தை எடுத்து விடலாம் என்று தெரிந்ததால்தான் நாம் அமைதியாக இருந்தோம். யாராவது பிடரியைப் பிடித்து அழுத்தியிருந்தால் அது வேறு கதை. கடல் விலங்கு கணக்குப் பார்த்து இறங்குகிறது, கணக்குப்படி ஏறுகிறது. கப்பல் இரைச்சலும் வெடியோசையும் சோனாரும் அந்தக் கணக்கை நடுவழியில் குலைக்கின்றன. ஸ்கொலாண்டர் தம் தொட்டியில் ஒரு நேரத்தில் ஒரு சீலைத்தான் கட்டினார். நாம் கடலையே அந்தத் தொட்டியாக்கி விடக் கூடாது.